பதினொரு குண்டூசி

ஏப்ரல் கடைசி வேலைநாள்.
தண்டையார்ப்பேட்டை, பள்ளியின் மூன்றாம் மாடி,
தகரக் கூரைக்குக் கீழே ஆய்வகம்.
கதவுப் பலகையில் முதல் எழுத்து உதிர்ந்து
யற்பியல் என்று நிற்கிறது.

பெட்டியைத் திறந்தேன்.
பத்துச் சட்டக் காந்தங்கள்.
சிவப்பு முனையோடு சிவப்பு முனை சேர்த்து
ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருந்தார் யாரோ,
வெண்டைக்காய்க் கட்டு மாதிரி.
ஒத்த முனைகள் இரவெல்லாம் தள்ளிக்கொண்டிருக்கும்.
சத்தம் வராது.
விடிந்தால் இரண்டுமே கொஞ்சம் குறைந்திருக்கும்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பு யோவான்
ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக் காசிமேட்டுக்குக் கொண்டுபோய்
கடல் மணலை உழுதுவிட்டு வந்தான்.
திருப்பித் தந்தபோது அதற்குக் கருந்தாடி.
ஊதினேன். மேசையில் தட்டினேன்.
தட்டிய பிறகுதான் நினைவு வந்தது,
அடி ஆகாது. சூடும் ஆகாது.
டேப் ஒட்டி ஒட்டி மழித்தேன்.

முனைகளை மூடிவைக்கத் தேனிரும்புத் துண்டுகள்
முன்பு இருந்தன. இப்போது
ஏதோ ஒரு மேசைக்கால் ஆடாமல் நிற்கும் அவற்றால்.
மூன்று வருடமாக எழுதிக் கேட்கிறேன்:
தேனிரும்பு, ஐந்து ஜோடி.
எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"லேப்புக்குத் தேன் எதுக்கும்மா?"

கொருக்குப்பேட்டை ஜபருல்லா கடையில்
எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் ஒன்று பிரிந்து கிடந்தது.
செம்பு எப்போதோ போய்விட்டது.
ஈ, ஐ என்று எழுத்து எழுத்தாக வெட்டிய தகடுகள் மிச்சம்.
ஐ மட்டும் பொறுக்கினேன்.
"இன்னா மேடம், எஃகு தரேன், கெட்டியா இருக்கும்."
எஃகு வேண்டாம் பாய்.
அது வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.
தொட்டதும் கற்று
விட்டதும் மறக்கிற இரும்புதான் வேண்டும்.
"அப்ப இது தேனில்ல மேடம், எங்க மச்சான்" என்று
எடை போடாமல் கொடுத்தார்.

நூலில் கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன்.
ஒன்பது, ஆடி அடங்கி
எண்ணூர்ப் புகைபோக்கிகள் பக்கம் சிவப்பைக் காட்டின.
பத்தாவது
சிவப்பைப் பாரிமுனைக்குத் திருப்பிக்கொண்டு நின்றது.
மூன்று முறை சுழற்றிவிட்டும் அப்படியே.
பெயிண்டை மாற்ற மனம் வரவில்லை.
நீலத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன்,
அதுதான் வடக்கு என்று.

ஜோடி ஜோடியாக, பக்கம் பக்கமாக,
ஒன்றின் வடக்குக்கு மற்றதன் தெற்கு.
நடுவில் ஐஸ்கிரீம் குச்சி.
இரு தலையிலும் தகடு வைக்கப் போனேன்,
வைப்பதற்குள் டக் என்று தானே போய் உட்கார்ந்தது.
குண்டூசியைக் கிட்டே காட்டினேன்.
ஏறிட்டும் பார்க்கவில்லை.
போயிற்றோ என்று ஒரு நொடி வயிறு கலங்கியது.
போகவில்லை. ஒன்றில் கிளம்பி
தகட்டின் வழியே அடுத்ததில் நுழைந்து
திரும்பி வந்துகொண்டிருந்தது.
வெளியே காட்ட எதுவும் இல்லை.

மூடுமுன் ஒன்றை எடுத்து, முனையில் ஊசி கோத்து எண்ணினேன்.
பதினொன்று.
அட்டையில் எழுதி உள்ளே வைத்தேன்,
அடித்தட்டில், சுவரோரம், வெயில் படாத மூலையில்.

மே மாதம் தொகுப்பூதியக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை.
அக்கா வீட்டு மிஷினில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தேன்,
ஒன்று நாற்பது ரூபாய்.
இரண்டு முறை கரண்ட் பில்லுக்குக் கடன் வாங்கினேன்.
பெட்டியை நினைக்கவே இல்லை.

ஜூன்.
தகட்டைப் பக்கவாட்டில் நழுவவிட்டு எடுத்தேன்.
அதில் ஓர் ஊசியை ஒட்டிப் பார்த்தேன், விழுந்தது.
ஐம்பது நாள் பிடித்திருந்த அடையாளமே இல்லை.

காந்தத்தில் யோவான் ஊசி கோத்தான்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
பன்னிரண்டாவது நிற்கவில்லை.
நோட்டில் கட்டம் போட்டான்.
ஏப்ரல் 11, ஜூன் 11,
வித்தியாசம் என்ற இடத்தில் ஒரு சுழி.
பென்சிலைக் கடித்துக்கொண்டு
என்னை நிமிர்ந்து பார்த்தான்:
"தப்பா பண்ணிட்டேனா மிஸ்?"